ஜப்பானியப் போர் அச்சுப்படங்கள்: யார் சொல்லி வரைந்தார்கள், எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டது இது: டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத்தெருவில் மூன்று தாள் சேர்ந்த மரக்கட்டை அச்சுப்படம் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பனி, பீரங்கிப் புகை, கறுப்புச் சீருடையில் ஜப்பானிய வீரர்கள், சிதறி ஓடும் சீனர்கள். கடைக்காரர் 1894-ஆம் ஆண்டுப் படம் என்று சொன்னார். நண்பர் ஒருவரோ, "இது ஜப்பான் ராணுவம் அச்சிட்ட பிரசாரப் போஸ்டர், வீட்டில் மாட்டாதே" என்கிறார். அவர் சொல்வது சரியா என்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, இந்தப் படத்துக்குப் பணம் போட்டது யார், இதில் இருப்பதெல்லாம் நடந்ததா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாமா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் அச்சுக்கலை படித்தவன். மரப்பலகை செதுக்கி ஜப்பானிய முறையில் நீர்வண்ணத்தில் அச்சடிக்கப் பல வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன். ராணுவ வரலாறு என் துறை இல்லை. படங்களின் மேல் இருக்கும் ஜப்பானிய விளக்கங்களை மொழிபெயர்ப்பின் துணையோடுதான் படிக்கிறேன். ஆகவே பலகை, தாள், வண்ணம், படத்தின் அமைப்பு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ராணுவம் அச்சிடவில்லை. 1894 ஆகஸ்டில் தொடங்கி 1895 ஏப்ரலில் ஷிமோனோசெகி உடன்படிக்கையோடு முடிந்த சீன-ஜப்பான் போரைப் பற்றி ஏறக்குறைய 3,000 படங்கள் வெளிவந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவை கடைச்சரக்காக வந்தவை. ஜப்பானிய மரக்கட்டை அச்சில் முதலாளி பதிப்பாளர்தான். எந்த விஷயம் விற்கும் என்று முடிவு செய்வதும், ஓவியரைப் பிடிப்பதும், செதுக்குபவருக்கும் அச்சடிப்பவருக்கும் கூலி கொடுப்பதும், கடையில் தொங்கவிட்டு விற்பதும் அவர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதை மலைச்செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுப்பார். பிறகு வண்ணத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பலகைகள். அச்சடிப்பவர் ஒவ்வொன்றாக நீர்வண்ணம் தடவி, தாளை வைத்து, மூங்கில் மடலால் மூடிய வட்ட அழுத்தியால் தேய்த்து எடுப்பார். ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற அலைப்படமும் இப்படி வந்ததுதான், உங்கள் போர்ப்படமும் இப்படி வந்ததுதான். 1890-களின் தொடக்கத்தில் இந்தத் தொழில் படுத்துக் கிடந்தது. லித்தோகிராஃப் என்னும் கல்லச்சும் புகைப்படமும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போயிருந்தன. அந்த நேரத்தில் வந்த போர், சினிமா நடிகர் படங்களுக்கு இங்கே ஒரு காலத்தில் இருந்த கிராக்கியைப் போன்ற ஒன்றை இந்தக் கடைகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அந்தக் கிராக்கிக்கு நல்ல சாட்சி எழுத்தாளர் தனிசாக்கி ஜுனிச்சிரோ. போர் நடந்தபோது அவருக்கு எட்டு வயது. டோக்கியோவின் நிங்யோச்சோவில் ஷிமிசுயா என்றொரு படக்கடை வாசலில் மூன்று தாள் போர்ப்படங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள் என்றும், தினமும் போய் நின்று கண் விரியப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றும், வாங்கிக் கிடைப்பதுதான் அரிது என்றும் தன் பால்ய நினைவுகளில் எழுதியிருக்கிறார். அவர் பெயர் சொல்லும் ஓவியர்கள் மிசுனோ தோஷிகாத்தா, ஒகாத்தா கெக்கோ, கோபயாஷி கியோச்சிக்கா. ஒரு சிறுவனுக்கு ஓவியர் பெயர் வரை தெரிந்திருக்கிறது. எந்த அமைச்சகமும் அந்தப் பையனை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

அதற்காக அரசுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1868 வரை நாட்டை ஆண்ட தொக்குகாவா வம்சத்தின் ஆட்சிக் காலத்தில் நடப்பு அரசியலைப் படமாகப் போடவே தடை இருந்தது. 1868-ல் உள்நாட்டுப் போர் நடந்தபோதுகூடப் பதிப்பாளர்கள் அதைச் சிறுபிள்ளைகள் விளையாடுவது மாதிரி வரைந்து விற்றார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படைக்கு நிற்கிறது என்பதைச் சட்டையில் இருக்கும் அடையாளத்தை வைத்து வாங்குபவர் புரிந்துகொள்வார். அதன்பின் வந்த மெய்ஜி பேரரசரின் ஆட்சியில் அந்தத் தடை போயிற்று. 1877-ல் சாமுராய்த் தலைவர் சாய்கோ தகமோரி அரசை எதிர்த்து நடத்திய கலகம் சுடச்சுடப் படமாக வந்தது. 1894-ல் போர்ப்படம் போட்டவர்கள் அந்த வழக்கத்தில் வந்தவர்கள். ஆனாலும் 1893-ஆம் ஆண்டுப் பதிப்புச் சட்டப்படி வெளியீட்டுக்கு முன்பே உள்துறை அமைச்சகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். போர் தொடங்கியதும் ராணுவ விஷயங்களை அச்சிடுவதற்குத் தணிக்கையும் வந்தது. உங்கள் படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் தேதி, ஓவியர் பெயர், பதிப்பாளர் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். அது அலங்காரம் இல்லை, சட்டம் கேட்ட விவரம். தோல்வியையோ தளபதியின் முட்டாள்தனத்தையோ படமாகப் போட ஒரு பதிப்பாளர் விரும்பியிருந்தாலும் வழி இருந்திருக்காது. விரும்பியதாகவும் எந்த அடையாளமும் இல்லை.

ஏன் விரும்பவில்லை என்பதற்கு அன்றைய மனநிலையைப் பார்க்க வேண்டும். போர் தொடங்கும் தறுவாயில் ஃபுகுசாவா யுகிச்சி, அன்றைய ஜப்பானில் படித்தவர்களுக்கெல்லாம் ஆசான் மாதிரி இருந்தவர், தன் பத்திரிகையில் இதை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையே நடக்கும் போர் என்று எழுதினார். பின்னாளில் போர் எதிர்ப்பாளராக அறியப்பட்ட உச்சிமுரா கன்சோகூட 1894-ல் இது நியாயமான போர் என்றே வாதாடினார். கவாகாமி ஒத்தோஜிரோவின் நாடகக் குழு சில வாரங்களுக்குள் போரையே மேடையேற்றிக் கூட்டம் சேர்த்தது. பத்திரிகை சிறப்பு இதழ் போடுகிறது, மேடையில் அது காட்சியாகிறது, கடை வாசலில் படமாகத் தொங்குகிறது. மூன்றுக்கும் ஒரே வாடிக்கையாளர். மேலிடத்திலிருந்து ஆணை வர வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, நடந்ததா என்ற கேள்வி. படம் போட்டவர்களில் பெரும்பாலோர் டோக்கியோவை விட்டு நகரவில்லை. போர்முனைக்குப் போன ஓவியர்கள் இருந்தார்கள். கொக்குமின் பத்திரிகை அனுப்பிய குபோத்தா பெய்சென் அவர்களில் ஒருவர். ஆனால் மரக்கட்டைப் படம் போட்டவர்கள் நம்பியது தந்திச் செய்தியையும் பத்திரிகையையும்தான். செய்தி வந்த சில நாட்களில் படம் கடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் முந்திக்கொள்வார். செதுக்கும் வேலை தெரிந்தவருக்கு இந்த அவசரம் படத்திலேயே தெரியும். பெரிய பட்டறைகளில் முகம், முடி, கை ஆகியவற்றைத் தலைமைச் செதுக்குபவர் எடுப்பார், உடையும் பின்னணியும் சீடர்கள் கைக்குப் போகும். போர்ப்படங்கள் சிலவற்றில் அதிகாரியின் மீசை மயிரிழை மயிரிழையாக இருக்கும், அவருக்குப் பின்னால் ஓடுகிறவனின் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். புகையைப் பாருங்கள். இந்தப் படங்களில் ஏன் இத்தனை புகை? பீரங்கி சுட்டால் புகை வரத்தான் செய்யும், சரி. ஆனால் என் கணிப்பில் புகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொரியாவில் சண்டை நடந்த பியோங்யாங் கோட்டைக்குப் பின்னால் என்ன மலை இருக்கிறது என்று ஓவியருக்குத் தெரியாது. புகை போட்டால் தெரிய வேண்டியதில்லை. செதுக்குபவருக்கும் அந்த இடத்தில் வேலை மிச்சம், அச்சடிப்பவர் ஈரத் தூரிகையால் வண்ணத்தைக் கரைத்துவிட்டால் போதும். இரவும் பனியும் இதே உதவியைச் செய்கின்றன. இதற்கு ஆவணச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. செதுக்கிப் பார்த்தவன் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததும் நடக்காததும் எப்படிக் கலக்கிறது என்பதற்குச் சங்கூதி மாதிரி ஒரு ஆள், படையில் எக்காளம் ஊதும் சிப்பாய் ஒருவரின் கதை இருக்கிறது. 1894 ஜூலை 29-ல், போர் முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, கொரியாவில் சொங்வான் என்ற இடத்தில் சண்டை நடந்தது. அதில் குண்டடிபட்ட எக்காளச் சிப்பாய் ஒருவர் சாகும்வரை எக்காளத்தை உதட்டிலிருந்து எடுக்கவில்லை என்று செய்தி வந்தது. பெயர் ஷிராகாமி கென்ஜிரோ, ஒகயாமா மாவட்டத்துக்காரர் என்று சொன்னார்கள். பாட்டுகள் வந்தன. படங்கள் வந்தன. சரிந்துகொண்டே வாயில் எக்காளம் வைத்திருக்கும் ஷிராகாமியைப் பல ஓவியர்கள் வரைந்தார்கள். அப்புறம் ராணுவம் விசாரித்து, அது ஷிராகாமி இல்லை, அதே ஒகயாமாவைச் சேர்ந்த கிகுச்சி கோஹெய் என்று அறிவித்தது. ஷிராகாமியும் அதே நாளில் இறந்தவர்தான், ஆனால் ஆற்றில் மூழ்கி. பிற்பாடு அரசுப் பள்ளிகளின் நன்னெறிப் பாடப்புத்தகத்தில் கிகுச்சி இடம்பிடித்தார், பல பத்தாண்டுகள் ஜப்பானியக் குழந்தைகள் அவரைப் படித்தார்கள். இதில் எதை உறுதியாகச் சொல்லலாம்? அந்தச் சண்டை நடந்தது, அந்த இருவரும் அங்கே இறந்தார்கள். உதட்டில் எக்காளம் இருந்ததா, இருந்தால் யார் உதட்டில் என்பதைப் படங்களை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பத்திரிகைகளும் கடைக்காரர்களும் ஒரு வீரனை உண்டாக்கினார்கள், மக்கள் காசு கொடுத்து ஏற்றுக்கொண்டார்கள், அரசு கடைசியில் வந்து பெயரைத் திருத்திப் பாடமாக்கிக்கொண்டது. பிரசாரம் மேலிருந்து கீழே வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தால் இந்தக் கதை புரியாது.

இதேபோல இன்னும் சிலர். பியோங்யாங்கின் ஹியோன்மு வாசல் மதிலில் ஏறி உள்ளே குதித்துக் கதவைத் திறந்த ஹராதா ஜுகிச்சி என்ற சாதாரணச் சிப்பாய் பல படங்களில் இருக்கிறார். அவர் உயிரோடு திரும்பி வந்து பதக்கமும் பெற்றார், பின்னர் மேடையில் தன் வேடத்தைத் தானே நடித்தார். செப்டம்பர் 17-ல் யாலு முகத்துவாரக் கடற்போரில் மட்சுஷிமா என்ற ஜப்பானியக் கப்பலில் சாகக் கிடந்த மாலுமி ஒருவர், "திங்யுவான் இன்னும் மூழ்கவில்லையா?" என்று மேலதிகாரியைக் கேட்டாராம். திங்யுவான் சீனக் கடற்படையின் தலைமைக் கப்பல். அது அன்றைக்கு மூழ்கவில்லை. அடிபட்ட நிலையிலேயே துறைமுகம் திரும்பியது, அடுத்த பிப்ரவரியில் வெய்ஹைவெய் என்ற சீனத் துறைமுகத்தில் டார்பிடோ தாக்கித்தான் அதன் கதை முடிந்தது. இந்த வீரர்களெல்லாம் சிப்பாய், மாலுமி என்ற கடைநிலையில் இருப்பவர்கள் என்பது முக்கியம். பழைய போர்ப்படங்களில் குதிரை மேல் சாமுராய்த் தலைவன்தான் பெயரோடு நிற்பான். இப்போது கட்டாயப் படைச்சேர்க்கையில் போன குடியானவன் மகன் பெயரோடு நிற்கிறான். வாங்குகிறவன் தன் தம்பியை அதில் பார்த்தான்.

எதிரியை எப்படி வரைந்தார்கள் என்பதில்தான் இந்தப் படங்கள் எனக்குக் கசக்கின்றன. ஜப்பானிய வீரன் உயரமாக, நெட்டையாக, கிராப்பு வெட்டி, மீசை வைத்து, ஐரோப்பியச் சாயலில் இருப்பான். ஜப்பானின் கபுகி நாடகத்தில் நடிகர் உச்சக்கட்டத்தில் உறைந்து நிற்பாரே, அந்த நிலையில் வாளை ஓங்கியிருப்பான். சீனன் வண்ணவண்ண உடையில், சடை பறக்க, வாய் கோணி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பான். தனி முகமே கிடையாது. உத்தாகாவா கொக்குனிமாசா 1894 அக்டோபரில் வெளியிட்ட ஒரு மூன்று தாள் படம், கைதான சீன வீரர்களின் தலையை வரிசையாக வெட்டுவதைக் காட்டுகிறது. மேலே நீளமாக விளக்கமும் உண்டு, அவர்கள் அடங்காதவர்கள், அதனால் இந்தத் தண்டனை என்று நியாயம் சொல்லி. பத்து வருடம் கழித்து ரஷ்யாவோடு போர் வந்தபோது இப்படி வரையவில்லை. 1904 ஏப்ரலில் ரஷ்ய அட்மிரல் மகாரோவ் தன் கப்பலோடு மூழ்கியதை மிகித்தா தோஷிஹிதே வரைந்திருக்கிறார். தோற்றுச் சாகிற எதிரிக்கு அதில் ஒரு மரியாதை இருக்கிறது. வெள்ளைக்காரனை வெல்வதில் பெருமை சேர வேண்டுமானால் அவன் பெரிய ஆளாக இருக்க வேண்டும். சீனன் விஷயத்தில், எந்தக் கலாசாரத்திடம் எழுத்தையும் ஓவியத்தையும் கற்றார்களோ அதிலிருந்து தாங்கள் விலகிவிட்டோம் என்று காட்டுவதே நோக்கம். இந்த வேறுபாடு படங்களில் கண்கூடு. காரணம் என்று நான் சொல்வது விளக்கம்தான், வேறு விளக்கங்களுக்கும் இடம் உண்டு.

1905-ல் ஜப்பான் ரஷ்யாவை வென்றதை இந்தியப் பத்திரிகைகள் ஆசியாவின் வெற்றி என்று கொண்டாடின. அந்தப் பழைய பரவசத்தின் மிச்சம் நம்மிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் படம் அதற்குப் பத்து வருடம் முந்தியது, அதில் கீழே கிடப்பவர்களும் ஆசியர்கள்தான்.

படத்தில் இல்லாதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1894 நவம்பர் 21-ல் ஜப்பானியப் படை போர்ட் ஆர்தர் என்ற சீனத் துறைமுகத்தைப் பிடித்தது. தொடர்ந்து சில நாட்கள் ஊருக்குள் ஆயுதமில்லாதவர்களைக் கொன்றார்கள். நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையின் ஜேம்ஸ் க்ரீல்மன் அதை எழுதியதும் உலகம் முழுக்கச் செய்தியானது. கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை, கொலை நடந்தது என்பதில் சந்தேகமில்லை. கமெய் கொரெயாகி என்ற பிரபு சொந்தச் செலவில் கேமராவோடு போயிருந்தார், பிணங்களைப் புதைக்கும் காட்சியை அவர் எடுத்த படம் இருக்கிறது. மரக்கட்டைப் படங்களில் போர்ட் ஆர்தர் என்றால் கோட்டையைப் பிடிக்கும் பாய்ச்சல்தான். அதற்குப் பதிலாக, வெய்ஹைவெய் தாக்குதலின்போது ஒரு சீனக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே படை நடத்தினார் என்று சொல்லப்பட்ட ஹிகுச்சி என்ற அதிகாரியின் படம் நன்றாக ஓடியது. அப்புறம், உடன்படிக்கைக்குப் பின் நடந்த தைவான் படையெடுப்பையும் சேர்த்தால் இந்தப் போரில் 13,000-க்கு மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் இறந்தார்கள். அதில் சண்டையில் இறந்தவர்கள் சுமார் 1,400 பேர்தான். மற்றவர்களைக் கொண்டுபோனது காலரா, வயிற்றுக்கடுப்பு, சத்துக் குறைவால் வரும் பெரிபெரி. மூட்டை சுமக்கக் கூலிக்குப் பிடிக்கப்பட்டு அங்கே செத்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். பெரிபெரியில் கால் வீங்கிச் சாகிற சிப்பாயை யார் வாங்கி வீட்டில் ஒட்டுவார்கள்? ஒரு பொய்கூடச் சொல்லாமல், விற்பதை மட்டும் வரைந்தே ஒரு போரை முழுக்க மாற்றிவிட முடியும்.

இது ஜப்பானியர்களுக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. ஷாங்காயில் தியன்ஷிச்சாய் என்ற படப்பத்திரிகை இதே போரில் சீனப் படை வென்றதாகப் படம் போட்டுக்கொண்டிருந்தது. தைவானில் லியு யோங்ஃபு தலைமையில் நடந்த எதிர்ப்பைப் பற்றி அங்கே விற்ற மரக்கட்டைப் படங்களில் ஜப்பானியர்கள் மூட்டை மூட்டையாகச் செத்துக் கிடப்பார்கள். லியு உண்மையில் 1895 அக்டோபரில் தைவானை விட்டுத் தப்பியோடினார்.

கியோச்சிக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் படத்தில் பனி இருக்கிறது என்றதும் அவர் நினைவுதான் வந்தது. 1847-ல் பிறந்தவர், தொக்குகாவா ஆட்சியில் சின்ன உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை. 1868-ல் தோற்ற பக்கத்தில் நின்றவர். 1876 முதல் 1881 வரை டோக்கியோ நகரத்தைத் தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்களில் வரைந்தார். கேஸ் விளக்கு, நனைந்த தெருவில் அதன் பிரதிபலிப்பு, ஆற்றில் அந்தி. ஒளியைக் கோடு இல்லாமல் வண்ணத்தாலேயே காட்டும் வித்தையை மரக்கட்டையில் அவர் அளவுக்குச் செய்தவர் அதற்கு முன்பு இல்லை. 1881-ல் ரியோகோக்கு பகுதி தீப்பிடித்து எரிந்தபோது அதை வரையப் போய் நின்றுகொண்டிருக்க, அவர் வீடே எரிந்துபோனது என்பார்கள். அதன்பின் கேலிச்சித்திரக்காரராகக் காலம் தள்ளியவருக்கு, பதிமூன்று வருடம் கழித்துப் போர் மறுபடி பெரிய வேலை கொடுத்தது. எழுபதுக்கு மேற்பட்ட மூன்று தாள் படங்கள். பியோங்யாங் தாக்குதலில் மின்விளக்கு பாய்ச்சுவதாக ஒரு படம் போட்டிருக்கிறார். இருளைக் கீறிக்கொண்டு போகும் அந்த ஒளிக்கற்றையில் பழைய டோக்கியோ இரவுகளை வரைந்த கை தெரிகிறது. பனியில் முதுகு காட்டிக் காத்திருக்கும் வீரர்கள், தூரத்தில் எரியும் ஊர், குளிரில் சுருங்கிய குதிரைகள். வெற்றி முழக்கம் இல்லாத, ஏறக்குறைய சோகமான படங்கள் அவருடையவை. அதே கை, அதே மாதங்களில், மட்சுகி ஹெய்கிச்சி என்ற பதிப்பாளருக்குச் சீனர்களை மிக மட்டமாகக் கேலி செய்யும் ஒற்றைத்தாள் படங்களையும் வரிசையாக வரைந்து கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கியோச்சிக்காவைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. அழகான படங்கள் மனசாட்சியிலிருந்தும் கேலிப்படங்கள் கடைக்காரரின் நெருக்கடியிலிருந்தும் வந்தன என்று சிலர் பிரித்துச் சொல்வார்கள். அப்படிப் பிரிக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழில் பிறகு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹக்குபுன்கான் நிறுவனம் 1894-லேயே புகைப்படங்களோடு போர் இதழ் ஒன்றைத் தொடங்கி நன்றாக விற்றது. 1904-ல் ரஷ்யப் போர் வந்தபோது புகைப்படமும் லித்தோகிராஃபும் தபால் அட்டையும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. மரக்கட்டைப் படங்கள் வந்தன, பழைய ஓட்டம் இல்லை. 1937-க்குப் பிறகு நடந்த போர்களில்தான் உங்கள் நண்பர் சொல்கிற மாதிரி அரசே நேரடியாக இறங்கியது. எண்ணெய் ஓவியர்களை ராணுவம் போர்முனைக்கு அனுப்பி வரையச் சொன்னது, தெருவில் குழந்தைகளுக்குப் படக்கதை சொல்பவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஃபுஜித்தா என்ற ஓவியர் 1943-ல் வரைந்த அத்து தீவுப் போர் அந்த வகையில் பேர்பெற்றது. அது உட்பட 153 போர் ஓவியங்களை அமெரிக்கர்கள் எடுத்துப்போய், 1970-ல் காலவரையற்ற கடனாகத் திருப்பித் தந்தார்கள், இப்போது டோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் நண்பர் அந்தக் காலத்தை மனதில் வைத்து 1894-ஐப் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் பிரசாரமா? அரசு ஆணையிட்டால்தான் பிரசாரம் என்றால் இல்லை. ஒரு போரைச் சரி என்றும், எதிரியை மனிதனுக்குக் குறைந்தவன் என்றும் லட்சக்கணக்கானவர்கள் மனதில் பதியவைப்பது பிரசாரம் என்றால், ஆம், மிகத் திறமையான பிரசாரம். நான் இரண்டாவது பொருளில்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன். என் துறையிலேயே முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டு இவற்றை உகியோ-எ என்ற பழைய மரக்கட்டைப் பட மரபின் கடைசிப் படைப்புகள் என்று மட்டும் ரசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

இனி மாட்டுவதைப் பற்றி. முதலில் உண்மையான பழைய அச்சுதானா என்று பாருங்கள். பூதக்கண்ணாடி வைத்தால் வண்ணம் சீராகப் படர்ந்திருக்க வேண்டும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிற்கால நகல். அகன்ற வான்பகுதியில் மரத்தின் ரேகை தெரியலாம், தாளின் பின்பக்கம் வட்டவட்டமாகத் தேய்த்த தடம் இருக்கும். ஓரத்தில் மெய்ஜி 27 என்றிருந்தால் 1894, 28 என்றால் 1895, 37 என்றால் அது ரஷ்யப் போர்ப்படம், கடைக்காரர் சொன்ன வருடம் தவறு. ஓரத்தை வெட்டி ஒட்டியிருந்தால் இந்த விவரம் போயிருக்கும், அந்தக் காலத்தில் மூன்று தாளையும் சேர்த்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் இருந்தது. மேலே இருக்கும் விளக்கத்தை ஜப்பானியம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துவிடுங்கள், எந்தச் சண்டை, யாரைப் பற்றியது என்பது அதில்தான் இருக்கும். மாட்டினால், அந்த விவரத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், வருகிறவர்கள் வெறும் பனிக்காட்சி என்று நினைத்துவிட்டுப் போகாமல் இருக்க. வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம். இந்தக் காலத்துச் சிவப்பும் ஊதாவும் இறக்குமதியான செயற்கைச் சாயம், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். செலோடேப் எங்கும் ஒட்டாதீர்கள், அமிலமில்லாத அட்டையில் வைத்துக் கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டம் போடச் சொல்லுங்கள். ஓரத்தை மட்டும் தெளிவாகப் படமெடுத்து இங்கே போட்டால் பதிப்பாளர் யார் என்று சொல்ல முயற்சி செய்கிறேன்.